பத்து நிமிடக் கை

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வீரவநல்லூர்ப் பக்கம் ஊர், வயது 24, நெல்லை அரசு இசைப்பள்ளியில் நாயனம், அதாவது நாதஸ்வரம், படித்தவர், இப்போது ஒரு நல்ல மேளச் செட்டில் இரண்டாம் நாயனம். லண்டனில் ஒரு கோவிலிலிருந்து இரண்டு வருட ஒப்பந்தம் வந்திருக்கிறது. "அங்கே வாழ்க்கை எப்படி அண்ணாச்சி? திரும்பி வந்தால் இங்கே பிழைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. இரண்டாவதைக் கிளம்புமுன்பே கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். 2003இல் கல்லிடைக்குறிச்சியிலிருந்து தவிலோடு நான் கிளம்பியபோது எனக்கு அது தோன்றவே இல்லை.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். எந்த விசா என்று பாருங்கள். சமயப் பணியாளருக்கான தற்காலிக விசா என்றால் உச்சவரம்பு 24 மாதம். "அப்புறம் நீட்டிக்கலாம், ஐந்து வருடத்தில் நிரந்தரம்" என்று யாராவது ஆசை காட்டினால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அந்த விசா நிரந்தர வசிப்புரிமைக்குப் போகிற பாதையே இல்லை. நான் வந்த காலத்து விதி வேறு, எனக்குக் கிடைத்தது. என் கதையை வைத்து உங்கள் கணக்கைப் போட வேண்டாம். ஒப்பந்தத்தில் "கோவில் பணிகள்" என்று மொட்டையாக இருந்தால் அது என்னென்ன என்று எழுதி வாங்குங்கள். நான் முதலில் இருந்த கோவிலில் வாசித்த நேரத்தைவிட வெங்காயம் உரித்த நேரம்தான் அதிகம். தேர் நாளில் அண்டா கழுவிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தவில் அடிக்க விரல் கூடு மாட்டியிருக்கிறேன். பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்ப வாங்க ஏழு மாதம் ஆனது. கேட்டால் நகல் கொடுங்கள். மூலம் உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியோடு கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஊசி உங்களுடையது எதனால் ஆனது? பழைய ஆட்கள் கொடுத்தது என்றால் யானைத் தந்தமாக இருக்கும். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆசிய யானையின் தந்தத்துக்கு 1975லிருந்தே சர்வதேச வணிகத் தடை. தாத்தா காலத்து ஊசி, குரு கொடுத்தது என்றெல்லாம் சுங்க மேசையில் சொல்லிப் பயனில்லை. எங்களோடு வந்த நாயனக்காரர் ஒருவருக்கு நடந்தது. ஊசி போனது போகட்டும், வழக்கு வருமோ என்று அந்த மனுஷன் மூன்று வாரம் தூங்கவில்லை. பித்தளை ஊசி போதும்.

சீவாளி நிறையக் கொண்டு வாருங்கள். திருவாவடுதுறைப் பக்கம் செய்கிற நல்ல சீவாளி இங்கே நினைத்த நேரத்தில் கிடைக்காது. இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றும் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். வாயில் வைத்துப் பதப்படுத்திய சீவாளி, சட்டை மாற்றிவிட்டு வருவதற்குள் காய்ந்து விரிந்திருக்கும். வெளியே புறப்பாட்டுக்குப் போனாலோ நேர் எதிர். குளிரில் நாயனத்தின் சுருதி இறங்கும், மின்சார சுருதிப்பெட்டி இறங்காது. உதடு வெடித்த இடத்தில் சீவாளி பட்டால் எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிவாயான அணசைக் கழற்றினாலும் நீளக் குழலான உலவு கைப்பெட்டிக்குள் அடங்காது, அதனால் டிக்கெட் போடும்போதே விமானக்காரர்களிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் செட்டில் யாரோ "அங்கே கேட்கிறவன் எவனுக்குச் சங்கீதம் தெரியும், எதையாவது ஊதினால் போதும்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது தப்பு. உங்கள் முன்னால் உட்காரப் போகிறவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நல்லூர்க் கந்தசாமி கோவிலில் 25 நாள் திருவிழா நடக்கும். அதில் ராத்திரி ராத்திரியாக நின்று மேளம் கேட்டுப் பழகிய காது. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியை நேரில் கேட்ட பெரியவர் ஒருவர் எங்கள் கோவிலுக்கு வருவார். என்னை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. தப்பு வந்தால் மட்டும் கண்ணைத் திறப்பார். நம் தாத்தாக்கள் காலத்தில் மேளக்காரனுக்கு வெளிநாடு என்றால் அதே யாழ்ப்பாணம்தான். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் போய், திருவிழா முடிந்ததும் சம்பாத்தியத்தோடு திரும்பிவிடுவார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அந்த வழியும் போயிற்று. என் தாத்தா கொழும்பிலிருந்து வாங்கி வந்த தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. போவதும் வருவதும் சேர்ந்துதான் அவர்களுக்குப் பயணம். போனவன் அங்கேயே தங்கிவிட்டதென்றால் எங்கள் வீட்டில் அது நான்தான் முதல்.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. வந்த முதல் வாரம் கோவில் அடுக்களையில் "இண்டைக்குச் சொதி" என்றார்கள். எனக்கு மறுவீட்டு விருந்துச் சொதி கண்ணில் வந்துவிட்டது. பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலும் கெட்டியாகக் கொதித்து, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. இலையில் வந்ததோ மஞ்சளாகத் தண்ணீர் போல ஒன்று. முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அதுவும் எனக்குப் பிடிக்கும், இருந்தாலும் நம் சொதிக்கு அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சரி, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

கோவில் மேளம் என்பது இங்கே பூஜை மேளம். அபிஷேகத்துக்கு ஒரு கீர்த்தனை, திரை விலகும்போது கெட்டிமேளம், தீபாராதனை, முடிந்தது. பத்து நிமிடம், மிஞ்சினால் பன்னிரண்டு. மண்டபத்தில் ஒன்பது மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பார்கள், அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து புகார் போயிருக்கும். தேர் நாளில்கூட, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி ஒரு தெரு தாண்டுவதற்குள் போலீஸ்காரர் கடிகாரத்தைக் காட்டுவார், சாலையைத் திறந்துவிட வேண்டும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வருடம், மூன்று வருடம் இப்படியே வாசித்தால் கை அந்த அளவுக்குத் தைத்த சட்டையாகிவிடும்.

எனக்கு அது 2012இல்தான் தெரிந்தது. போதும், இனி ஊரிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு பண்ணி, தவிலின் போல்ட்டுகளையெல்லாம் தளர்த்திப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினேன். ஒன்பது வருடம் வெளியே இருந்திருக்கிறேன். பழைய செட்டில் என் இடத்தில் ஒரு பையன், நன்றாகவே வாசித்தான். யாரும் என்னை விரட்டவில்லை. "அண்ணாச்சி வந்துட்டாவளா, வாங்க" என்று காப்பி கொடுத்தார்கள். முகூர்த்தத்துக்கு அச்சாரம் வாங்கும்போது மட்டும் என் பெயர் யார் வாயிலும் வரவில்லை. நினைவில் இல்லாத ஆளை எப்படிக் கூப்பிடுவார்கள்?

பங்குனியில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கோவில் திருவிழா. தவில்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ராத்திரிப் புறப்பாடு, தெரு முக்கில் சாமியை நிறுத்தியாயிற்று. நாயனம் வாசித்தவர் என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்த பெரியவர். தோடியை எடுத்தார். முக்கால் மணி நேரம் ராகம் மட்டும். டியூப்லைட் தூக்குகிறவர்கள் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் பல்லவி. நான் பிடித்தேன், நன்றாகத்தான் போனது. பத்தாவது நிமிடம் இருக்கும், என் கை தன்னால் தீர்மானத்துக்கு, அதாவது வாசிப்பை முடிக்கிற சொற்கட்டுக்கு, போய் முடித்துவிட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. நாயனம் நிற்கவில்லை, அவர் பாட்டுக்கு அடுத்த சுற்றுக்குப் போய்க்கொண்டே தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். சமாளித்துப் பிடித்தேன். இன்னொரு பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே.

விடியற்காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னது: "ஏல, ஒங் கை பத்து நிமிசத்துக்கு மேல நிக்க மாட்டேங்கு. எங்கன, தீவாராதனையா காட்டப் போறாவ?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அதன்பிறகு ஒரு வருடம் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கையைப் பழையபடி கொண்டுவர முயன்றேன். பாதி வந்தது. அதற்குள் இங்கே வசிப்புரிமை பறிபோகிற கெடு நெருங்கியது. தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது காலாவதி. பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில். பத்தொன்பதாவது மாதம் திரும்ப விமானம் ஏறினேன். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தை அன்றிலிருந்து கைப்பேசியில்தான் பார்க்கிறேன். இங்கே எங்களுக்குத் திருவிழாக் காலமே அந்த மாதங்கள்தான்.

என்னைவிட உங்கள் நிலைமை சிக்கலானது, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். நான் வரும்போது எனக்கு 31 வயது, கச்சேரி கேட்டு, வாசித்து, அடி வாங்கி முடித்திருந்தேன். நீங்கள் இப்போது இரண்டாம் நாயனம். முதல் நாயனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விட்ட இடத்தில் எடுத்து, அவர் மூச்சைப் பார்த்து மூச்சு வாங்குகிற வயது. திருநெல்வேலியிலிருந்து ரயிலில் உங்கள் ஊருக்கு வர காருகுறிச்சியைத் தாண்டித்தானே வர வேண்டும். அந்த ஊர் நாயன மேதை அருணாசலம் 1921இல் பிறந்தார், 1964இல் போய்விட்டார். அவ்வளவு குறைந்த ஆயுளில் அவ்வளவு பெயர். அதில் எத்தனை வருடம் தன் குரு ராஜரத்தினம் பிள்ளைக்கு இரண்டாம் நாயனமாக உட்கார்ந்து காதால் குடித்தது என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே வந்தால் நீங்கள்தான் முதல் நாயனம், இரண்டாவதும் நீங்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆளில்லை.

அதற்காக வர வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் தங்கச்சி கல்யாணக் கடன் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கடனை என் உபதேசம் அடைக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன்: இரண்டு வருடம் வேண்டாம், திருவிழாக் காலத்துக்கு மட்டும் மூன்று மாதம் கூப்பிட முடியுமா என்று கோவில்காரர்களிடம் கேட்பேன். கலைஞர்களைக் குறுகிய காலத்துக்கு வரவழைக்க வேறு விசா இருக்கிறது, அது அவர்களுக்கும் தெரியும். வைகாசிக் கடைசியில் கிளம்பி, ஆவணி முடிவதற்குள் திரும்பிவிடலாம். நடுவில் ஆடி, ஊரில் முகூர்த்தம் இல்லாத மாதம். அம்மன் கொடைகள் போகும், ஆனித் தேர் போகும், ஆவணி முகூர்த்தம் கொஞ்சம் போகும், அது நஷ்டம்தான். ஐப்பசி முகூர்த்தத்துக்கும் தை முகூர்த்தத்துக்கும் செட்டில் உங்கள் இடம் அப்படியே இருக்கும். எனக்குத் தெரிந்த நாயனக்காரர் ஒருவர் பல வருடம் இப்படித்தான் வந்து போனார். எங்கள் எல்லோரையும்விட அவர் வாசிப்புதான் இன்னும் பச்சையாக இருக்கிறது.

அவர்கள் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு வருடத்துக்கே வர நேர்ந்தால், சாதகம் பண்ண, அதாவது தினமும் வாசித்துப் பழக, இடம் வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். நான் பெஞ்சுப் பலகையில் தட்டிச் சமாளிக்கலாம், நாயனத்தை எங்கே போய் ஒளிப்பது? மத்தியானம் நடை சாத்திய நேரத்தில் மண்டபத்துச் சாவி கிடைத்தால் அதிர்ஷ்டம். எங்கள் ஆள் ஒருவருக்கு அது கிடைக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கோவிலின் காய்கறி வேனை எடுத்துக்கொண்டு, பூட்டிய கிடங்கு ஒன்றின் முன்னால் நிறுத்தி, பின்பக்கம் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கரகரப்பிரியா வாசிப்பார். துணைக்கு நானும் போவேன். மூச்சில் கண்ணாடியெல்லாம் பனி பூத்து வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினான், வேனில் திருட்டு அலாரம் அடிக்கிறது என்று நினைத்தானாம். விளக்கம் சொன்னோம். "பதினைந்து நிமிடம், அப்புறம் கிளம்பிவிட வேண்டும்" என்றான். பதினைந்து நிமிடம், பாருங்கள், பூஜையைவிட ஐந்து அதிகம்.

செட் தலைவரிடம் சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். எந்த மாதம் திரும்புவீர்கள் என்பதை அவர் வீட்டு நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள், முகூர்த்த மாதம் பிறக்கும் முன் கூப்பிட்டுப் பேசுங்கள். அறநிலையத் துறைக் கோவில்களில் நாதஸ்வரப் பணியிடத்துக்கு அறிவிப்பு வந்தால் உடனே சொல்லும்படி வீட்டில் ஒருவரிடம் பொறுப்பு கொடுங்கள். அதற்கு வயது வரம்பு உண்டு, வெளிநாட்டில் கழிந்த வருடங்களை யாரும் கழித்துக்கொடுக்க மாட்டார்கள்.

ஒப்பந்தக் காகிதத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள், வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன். வருவது உறுதியானால் எனக்குத் தவில் கழி இரண்டு வேண்டும், பூவரசில் கடைந்தது. இங்கே கிடைப்பது கையில் நிற்க மாட்டேன் என்கிறது.