வாசகர் கேள்வி: அக்னோனும் அவருடைய நாயும்

சென்ற இதழில் நோபல் பரிசு பற்றிய கட்டுரையில் எபிரேய நாவலாசிரியர் அக்னோன் ஒரே வரியில் வந்து போனார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மதுரை வட்டாரத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றில் சில இங்கே.

யார் இந்த அக்னோன்? அவரை எந்த நாவலில் தொடங்கிப் படிக்கலாம்?
(வாசகி, செல்லூர்)

ஷ்முவேல் யோசெஃப் அக்னோன் 1887-ல் (1888 என்றும் சொல்வதுண்டு) புச்சாச் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கலீசியா, இன்று உக்ரைன். குடும்பப் பெயர் சாச்கெஸ். 1908-ல் பாலஸ்தீனத் துறைமுகமான யாஃபாவுக்கு (நம் வேதாகமத்தில் வரும் யோப்பா) வந்து சேர்ந்தார். அந்த ஆண்டே 'அகுனோத்' என்ற சிறுகதை வெளியானது. புருஷன் காணாமல் போயோ, விலக்குச் சீட்டுத் தர மறுத்தோ, மறுமணத்துக்கு வழியில்லாமல் கட்டுண்டு கிடக்கும் பெண்ணை யூதச் சட்டம் 'அகுனா' என்கிறது. அதன் பன்மைதான் அகுனோத். நங்கூரத்துக்கான 'ஓகென்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்தது. கதைத் தலைப்பிலிருந்து புனைபெயர் வந்தது. 1924-ல் அதுவே சட்டப்படியான பெயரும் ஆனது. 1966-ல் ஜெர்மன் மொழிக் கவிஞர் நெல்லி சாக்ஸுடன் இலக்கிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எபிரேய இலக்கியத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே நோபல் அதுதான். (நமக்கு அந்த ஒன்றும் இல்லை.) 1970 பிப்ரவரியில் இறந்தார்.

தொடங்க வேண்டியது 1935-ல் வந்த 'சிப்பூர் பஷூத்', அதாவது 'எளிய கதை'. மளிகைக்கடைக் குடும்பத்து ஒரே பிள்ளை ஹிர்ஷெல். வீட்டுக்கு அடைக்கலம் தேடி வரும் உறவுக்கார அநாதைப் பெண் புளூமா, சம்பளமில்லாத வேலைக்காரி ஆகிறாள். பையனுக்கு அவள்மேல் மனசு. கல்லாவையும் பிள்ளையையும் ஒரே கையில் வைத்திருக்கும் அம்மா, வசதியான இடத்தில் மீனா என்ற பெண்ணைப் பேசி முடிக்கிறாள். (மீனா நம் ஊர்ப் பெயர்போலத் தோன்றினாலும் அங்கேயும் அது வழக்கமான பெயர்தான்.) கீழமாசி வீதிக் கடைகளையும் அந்தக் குடும்பங்களில் சம்பந்தம் பேசும் விதத்தையும் அறிந்தவர்களுக்கு முதல் ஐம்பது பக்கத்தில் அடிக்குறிப்பே தேவைப்படாது. பிறகு ஹிர்ஷெலுக்குப் புத்தி பிசகுகிறது. அவனுக்கு வைத்தியம் பார்க்கிறவர் டாக்டர் லாங்ஸாம். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'மெதுவாக' என்று பொருள். வைத்தியமும் மெதுவாகத்தான் நடக்கிறது. ஊரின் பெயர் ஷிபூஷ். எபிரேயத்தில் அது 'குழப்பம்', 'பிழை'. புச்சாச்சைத்தான் அப்படிப் பெயர் மாற்றி வைத்திருக்கிறார். தலைப்பில் உள்ள 'எளிய' என்ற சொல்லை நம்பி வேகமாகப் படித்தால் பாதி கைநழுவிவிடும்.

ஆங்கிலத்தில் ஹில்லெல் ஹால்கின் மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கும். நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். நாவலின் பெயரைச் சொல்லித் தேடினால் வேறு நூறு புத்தகங்கள் வரும். ஆசிரியர் பெயரில் தேடுங்கள்.

எபிரேயத்தில் உயிரெழுத்தே இல்லை என்கிறார்களே, பிறகு நாவலை எப்படிப் படிக்கிறார்கள்?
(வாசகர், மேலூர்)

உயிரொலி உண்டு, அச்சில் பெரும்பாலும் காட்டுவதில்லை. 22 எழுத்துகளும் அடிப்படையில் மெய்கள், வலமிருந்து இடமாக ஓடும். உயிரொலிக்கான புள்ளிகளும் கோடுகளும் தனியாக இருக்கின்றன, ஆனால் அவை வேதப் பிரதியிலும் கவிதையிலும் குழந்தைப் புத்தகத்திலும்தான் வரும். நம் ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் தெரியாது. ஆனாலும் படிக்கத் தெரிந்தவர் தடுமாறமாட்டார். இடம்தான் ஒலியைச் சொல்லும்.

சிக்கல் ஆசிரியர் வேண்டுமென்றே இடத்தை இரண்டுபக்கமும் சாயவிடும்போது வருகிறது. பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. ஒரு வேரைத் தொட்டால் அதன் உறவுச் சொற்கள் எல்லாம் அசையும். அக்னோன் அதைத் தெரிந்தே தொடுகிறவர். 'ஷீரா' நாவலில் வரும் நர்ஸின் பெயர் ஷீரா. அதற்குக் 'கவிதை' என்றும் பொருள். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அது வெறும் பெயர்.

அக்னோன் நாவல் ஒன்றில் நாய்தான் முக்கியப் பாத்திரமாமே?
(வாசகர், உசிலம்பட்டி)

'தெமோல் ஷில்ஷோம்', 1945. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'நேற்று, முந்தாநாள்'. யிட்ஸ்ஹாக் கூமர் கலீசியாவிலிருந்து நிலத்தை உழுது பயிரிடும் ஆசையோடு பாலஸ்தீனத்துக்கு வருகிறான். கிடைப்பது பெயிண்ட் அடிக்கும் வேலை. (இவன் அக்னோனின் முந்தைய நாவலான 'ஹாக்னசாத் கலா'வின் நாயகன் யூடெல் வம்சத்தவன்.) ஒருநாள் தூரிகையில் மிச்சமிருந்த பெயிண்டால் தெருநாய் ஒன்றின் முதுகில் எழுதுகிறான்: 'கெலெவ்', நாய். அடுத்து 'மெஷுகா', பைத்தியம். அவனுக்கு அது விளையாட்டு. அதைப் படித்தவர்கள் எல்லோரும் ஓடுகிறார்கள், கல்லெறிகிறார்கள். தன் முதுகைத் தானே படிக்க முடியாத நாய், ஏன் இப்படி என்று யோசித்துக்கொண்டே ஜெருசலேம் முழுக்க அலைகிறது. பக்கம் பக்கமாக நாயின் யோசனைதான். இருபதாம் நூற்றாண்டு நாவல்களில் இதற்கு இணையான பகுதிகள் குறைவு என்பது என் கருத்து. முடிவை இங்கே உடைக்கப் போவதில்லை.

நாய்க்கு நாவலில் வரும் பெயர் பாலாக். கெலெவின் மெய்களைத் தலைகீழாகப் படியுங்கள்: க-ல-ப என்பது ப-ல-க ஆகும். எபிரேயத்தில் 'ப', 'வ' இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் ஒலியளவில் இது பொருந்துகிறது. எண்ணாகமத்தில் இஸ்ரவேலரைச் சபிக்க ஆள் தேடிய மோவாபிய ராஜாவின் பெயரும் பாலாக். ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குகிறவர் 'பலாக்' என்றோ 'பேலாக்' என்றோ எழுதிவிட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். வேதாகமத் தமிழ் ஏற்கெனவே தந்திருக்கும் 'பாலாக்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீடு தீப்பிடித்து எழுதியது எல்லாம் போனது உண்மையா?
(வாசகி, திருமங்கலம்)

உண்மை. 1924 ஜூனில், இடையில் அவர் வசித்த ஜெர்மனியின் பாட் ஹோம்புர்க் நகரில். நாலாயிரம் நூல்களும், ஏறக்குறைய 700 பக்கம் எழுதி வைத்திருந்த நாவலும் சாம்பலாயின. அதை அவர் திரும்ப எழுதவில்லை. அவ்வாண்டே ஜெருசலேம் போனார். 1929 கலவரத்தில் தல்பியோத் பகுதி வீடும் சூறையாடப்பட்டது. 1931-ல் அங்கேயே கட்டிய வீடு இன்று அருங்காட்சியகம். அது இருக்கும் தெருவுக்கு யோசெஃப் கிளவுஸ்னர் என்ற அறிஞரின் பெயர், இருவருக்கும் ஆகாது. கிளவுஸ்னரின் உறவுப் பேரன்தான் பின்னாளில் நாவலாசிரியரான ஆமோஸ் ஓஸ்.

வீட்டில் பேசியது எபிரேயமா?
(வாசகர், மகால் பகுதி)

இல்லை, யித்திஷ், அதாவது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி. 1903-ல் அச்சேறிய முதல் கவிதையும் யித்திஷ்தான். புச்சாச்சை விட்டுக் கிளம்பிய பிறகு எபிரேயத்தில் மட்டுமே எழுதினார். வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வெளியே தமிழுமாக வாழும் உங்கள் பகுதியில் இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வித்தியாசம்: அவர் பிறந்தபோது எபிரேயம் தெருவில் பேசும் மொழியாக இல்லை. வேதம், சட்டம், வழிபாடு, கடிதம், கொஞ்சம் புது இலக்கியம், அவ்வளவுதான்.

தமிழ்ச்சொல் ஏதாவது எபிரேயத்தில் உண்டா?
(பள்ளி மாணவி, அலங்காநல்லூர்)

சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயில்களை வேதம் 'துக்கீம்' என்கிறது. அது நம் 'தோகை'யிலிருந்து போனது என்று கால்டுவெல் எழுதினார், பலர் ஏற்கிறார்கள். இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' மயில் அல்ல, கிளி.

அக்னோன் கதை ஒன்றை ஆங்கிலம் வழி தமிழில் மொழிபெயர்க்க ஆசை. நடை எப்படி இருக்க வேண்டும்? அனுமதி தேவையா?
(வாசகர், சோழவந்தான்)

நடைதான் கடினம். அவர் எழுதியது டெல் அவிவ் தெரு மொழி அல்ல. பழைய ரபிகளின், அதாவது யூத மதகுருக்களின், உரைநடையைப் பின்பற்றிய எபிரேயம். இறையனார் களவியல் உரையின் தமிழில் ஒருவர் மளிகைக்கடைக் கதை எழுதினால் எப்படியிருக்கும், அப்படி. இதைக் கேட்டதும் பலர் செந்தமிழில் முறுக்க ஆரம்பிப்பார்கள். கெடுவது அங்கேதான். அவருடைய சொல் பழையது, வாக்கியம் சிறியது, எளியது. தமிழில் வாக்கியத்தைச் சிறிதாக வைத்துக்கொண்டு, பத்து வரிக்கு ஒரு சொல் மட்டும் பழைய வாசனையோடு விழட்டும். வேத மேற்கோள் மறைந்திருக்கும் இடத்தில் பழைய வேதாகமத் தமிழைத் தேடி எடுங்கள். சொந்தமாக மொழிபெயர்க்க வேண்டாம்.

பெயர்களில் ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ஆங்கிலத்தில் 'சி, ஹெச்' என்று எழுதப்படுவது எபிரேயப் பெயர்களில் பெரும்பாலும் தொண்டையிலிருந்து வரும் 'ஹ'. 'ஹைம்' என்ற பெயர் தமிழ்ப் பத்திரிகைகளில் 'சைம்' ஆவது இப்படித்தான். ஜெருசலேம் அல்லது எருசலேம், யிட்ஸ்ஹாக் அல்லது ஈசாக்கு போன்றவற்றில் முதல் பக்கத்தில் எந்த வடிவமோ கடைசிப் பக்கம்வரை அதே வடிவம்.

அனுமதி கட்டாயம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. ஆக அக்னோன் வாழ்ந்தபோது வந்தவற்றுக்கு 2030 டிசம்பர் 31 வரை. 'ஷீரா' தனி. அது அவர் இறந்தபின் 1971-ல், மகள் எமுனா யாரோன் முயற்சியில் வெளியானது. அதற்கு வெளியான ஆண்டை வைத்துக் கணக்கு, 2031 முடியும்வரை. இதில் எல்லோரும் மறப்பது ஒன்று: ஆங்கிலம் வழி போனால் ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனியாக நிற்கும். மூலத்தின் காலம் முடிந்தாலும் அது முடியாது.

ஆங்கிலப் பதிப்பின் உரிமைப் பக்கத்தில் உள்ள பதிப்பகத்துக்கு எழுதுங்கள். எந்தக் கதை, எந்தப் பதிப்பு, இதழிலா நூலிலா, எத்தனை பிரதி, விலை என்ன, மின்னூல் உண்டா, எத்தனை ஆண்டுக்கு உரிமை வேண்டும் என்பதெல்லாம் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் பதில் கேள்வியாகத் திரும்பும். இரண்டு மாதம் போகும். முழுக் கதையையும் முடித்துவிட்டு அனுமதி கேட்காதீர்கள். மாதிரிக்குப் பத்துப் பக்கம் போதும். அதையும் எழுத்தில் பதில் வரும்வரை எங்கும் வெளியிட வேண்டாம்.