விருதைத் திருப்பிக் கொடுக்கலாமா? – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு வருடமாக என்எஸ்எஸ்ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) இருக்கிறேன். இந்த வருடக் கல்லூரி நாள் விழாவில் ‘சிறந்த தன்னார்வலர்’ விருது எனக்குக் கொடுத்தார்கள். ஷீல்டு, சான்றிதழ், பொன்னாடை எல்லாம். பேப்பரிலும் போட்டோ வந்தது. அப்பா அதை லேமினேட் பண்ணி ஹாலில் மாட்டிவிட்டார். கேம்புக்காக ஏழு நாள் வெளியே தங்க அனுப்பவே மாட்டேன் என்று சொன்னவர் அவர். எங்கள் என்எஸ்எஸ் திட்ட அலுவலர் சாரும் ஒரு மேடமும் வீட்டுக்கு வந்து பேசிய பிறகுதான் அனுப்பினார். இப்போது தங்கச்சியும் காலேஜ் போனால் என்எஸ்எஸ்ஸில் சேர வேண்டும் என்கிறார்.

ஆனால் எனக்கு அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. பேரணியில் முன்னால் போனது, மைக் பிடித்தது, அதிகாரிகள் வந்தபோது விளக்கம் சொன்னது எல்லாம் நான்தான். உண்மையான வேலை செய்தது என் தோழி. நாங்கள் தங்கிய ஒன்றியப் பள்ளியில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, உள்ளே தண்ணீரும் கிடையாது. முதல் நாள் சாயங்காலமே அவள் பக்கத்துத் தெருவில் நான்கு வீடுகளில் பேசி, குளிக்க யார் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது என்று பட்டியல் போட்டுவிட்டாள். மளிகைக் கணக்கு, அடுப்படி, ராத்திரி யாருக்காவது காய்ச்சல் என்றால் கூட இருப்பது, எல்லாம் அவள். எந்தப் போட்டோவிலும் அவள் இல்லை. விருதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். பலனை எதிர்பார்த்தால் அது சேவையே இல்லை, சேவைக்கு விருது கொடுப்பதே தப்பு என்கிறார் எங்கள் தமிழ் சார். அப்பாவோ, இதை வைத்து வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள மாணவிக்கு,

திருப்பிக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அதுவும் ஒரு செய்தியாகி, உங்கள் போட்டோ இரண்டாவது தடவை பேப்பரில் வரும். உங்கள் தோழி அப்போதும் அதில் இருக்க மாட்டார்.

உங்கள் தமிழ் ஆசிரியர் சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. பலனை எதிர்பாராதே என்பது வேலை செய்கிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. வேலை வாங்குகிறவரும் வேடிக்கை பார்க்கிறவரும் அதைச் சொல்ல ஆரம்பித்தால் அது வெறும் கஞ்சத்தனம். அதிலும் நம் வீடுகளில் பெண்களிடம் இதைக் காலங்காலமாகச் சொல்லியே வேலை வாங்கியிருக்கிறோம். அடுப்படிக்கு எப்போது யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?

அரசாங்கமும் சேவைக்கு விருது கொடுப்பதைப் பற்றி ரொம்ப காலம் யோசிக்காமல்தான் இருந்தது. 1950களின் கடைசியில் முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிற எல்லோரும் ஒன்பது மாதமோ ஒரு வருடமோ கட்டாயமாகத் தேசிய சேவை செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டது. செலவைப் பார்த்துவிட்டு அதை ஓரமாக வைத்தார்கள். அப்புறம் கல்வியாளர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் இளைஞர் சேவைத் திட்டங்களை ஆராய்ந்து, விருப்பமுள்ளவர்களை வைத்து நடத்துவதே சரி என்று 1960இல் அறிக்கை கொடுத்தார். 1969 செப்டம்பர் 24, காந்தி நூற்றாண்டு ஆண்டு, அன்றைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது 40,000 மாணவர்கள் இருந்தார்கள். இதில் தேசிய விருது என்று ஒன்று வந்தது 1993-94இல்தான், வெள்ளிவிழாவை ஒட்டி. கட்டாயம் இல்லை, சம்பளம் இல்லை, வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, அதற்கு மேல் ஏழு நாள் சிறப்பு முகாம். இவ்வளவுக்கும் தானாக வந்து நிற்கிறவரைப் பார்த்து ‘நீ செய்தது தெரிகிறது’ என்று யாரோ சொல்வதில் என்ன தப்பு? 2020-21க்கான விருதுகளைக் குடியரசுத் தலைவர் 2022 செப்டம்பரில் கொடுத்தபோது தன்னார்வலர்கள் 30 பேருக்குக் கிடைத்தது. நாடு முழுக்க என்எஸ்எஸ்ஸில் இருப்பவர்கள் சுமார் 40 லட்சம் பேர். ஆகையால் விருதுக்கு ஆசைப்பட்டுத்தான் பிள்ளைகள் இதில் சேருகிறார்கள் என்பதும் எடுபடாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அப்பா லேமினேட் பண்ணிய விஷயம். நீங்கள் அதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். கூச்சப்பட வேண்டாம். ஏழு நாள் அனுப்ப மாட்டேன் என்றவர் இப்போது அடுத்த மகளையும் சேரச் சொல்கிறார் என்றால், அந்த ஷீல்டு உங்களைவிட உங்கள் வீட்டில்தான் அதிகம் வேலை பார்த்திருக்கிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பெண்கள் விஷயத்தில் இதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வெளியே போய் என்ன கிழிக்கிறாய் என்று கேட்கிற சித்தப்பா, இருட்டுவதற்குள் வந்துவிடு என்கிற பாட்டி, தெருமுனை டீக்கடை, இவர்களுக்கெல்லாம் உங்களால் ஒரு வருடம் விளக்கம் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தப் பேப்பர் போட்டோ ஒரே காலையில் புரியவைத்துவிடுகிறது. மாணவர் விருதுகளின் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். வாங்குகிறவருக்குப் பெருமை என்பதெல்லாம் அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு வந்தால் போய்விடும். வெளியே போக வீட்டில் கிடைக்கிற அனுமதி அப்படிப் போகாது.

அதனால்தான் விருது யாருக்குப் போகிறது என்பதில் உங்களுக்கு வந்த உறுத்தல் நியாயமானது. உங்கள் தோழிக்கு அது கிடைக்காததால் அவர் வீட்டு ஹாலில் ஒன்றும் மாட்டப்படவில்லை. அவருக்குத் தங்கை இருக்கிறாரா?

சரி, ஏன் கிடைக்கவில்லை? உங்கள் திட்ட அலுவலர் கெட்டவர் என்று அர்த்தம் இல்லை. வீடு வரைக்கும் வந்து பேசியிருக்கிறார், நல்ல மனிதராகத்தான் தெரிகிறது. நூறு மாணவர்கள் கொண்ட யூனிட்டை வகுப்பு எடுத்துக்கொண்டே நடத்துகிறவர் அவர். அவர் கையில் இருப்பது ஒரு விண்ணப்பப் படிவம். அதில் கேட்பது எல்லாமே எண்ணிக்கை: எத்தனை மரக்கன்று, எத்தனை யூனிட் ரத்தம், எத்தனை விழிப்புணர்வுப் பேரணி. நம் மாநில அரசின் முதலமைச்சர் இளைஞர் விருது விதிமுறையிலேயே, செய்த தொண்டு கண்டறியக்கூடியதாகவும் அளவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நான்கு வீட்டுக் கதவைத் தட்டி, முன்பின் தெரியாத ஐம்பது பெண்களைக் குளிக்க விடுங்கள் என்று ஓர் ஊரைச் சம்மதிக்க வைத்ததை எந்த அலகில் அளப்பது?

அளக்க முடிகிற வேலை எப்படிப் போகும் என்பதற்குச் சீமைக் கருவேலம் ஒன்று போதும். முகாம் என்றாலே கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலம் அகற்றுவது என்று ஒரு நாள் வைத்துவிடுகிறார்கள். அரிவாளால் வெட்டிக் குவித்து, முன்னால் பேனர் பிடித்து, போட்டோவும் எடுத்தாகிவிடும். இத்தனை ஏக்கர் சுத்தம் செய்யப்பட்டது என்று அறிக்கையும் போகும். தூரோடு தோண்டி எடுக்காத கருவேலம் வெட்டிய அடிமரத்திலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், இது அந்த ஊரில் ஆடு மேய்க்கிற எவருக்கும் தெரியும். அடுத்த வருடம் அடுத்த பேட்ச் அதே கரையில் அதே மரத்தை வெட்டும். (இன்னொன்றும் உண்டு. டீஷர்ட்டின் முதுகில் ‘நாட் மீ, பட் யூ’ என்று என்எஸ்எஸ் முழக்கத்தைப் போட்டுக்கொண்டு, முகம் மட்டும் தெரிகிற மாதிரி செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.)

கல்லூரிகளுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் அமைப்பின் மதிப்பீட்டில், ஊருக்குள் போய்ச் செய்கிற விரிவாக்கப் பணிகள் என்று ஒரு பகுதி வரும். எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மாணவர்கள், வெளியிலிருந்து எத்தனை விருது என்று கேட்பார்கள். ஆதாரமாக இடமும் தேதியும் பதிந்த போட்டோ வேண்டும். ஆகவே போட்டோவில் நன்றாக வருகிற வேலை நிறைய நடக்கிறது, போட்டோவில் வருகிற மாணவருக்கு விருதும் நடக்கிறது. இந்தச் சந்தையை மோப்பம் பிடித்து ‘இளம் சாதனையாளர்’, ‘சேவைச் செம்மல்’ என்று பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு விருது கொடுக்கிற அறக்கட்டளைகளும் முளைத்துவிட்டன. ஒரு விருது கிடைத்ததும் அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள், பாருங்கள். காசு கேட்டால் நம்பரை பிளாக் பண்ணிவிடுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு டெல்டாவின் உள் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை ஊர் ஊராக வண்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நிவாரண லாரிகளோ மெயின் ரோட்டை ஒட்டிய ஊர்களிலேயே காலியாகிவிடும். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஊர்ப் பெயர், எத்தனை வீடு, கைக்குழந்தை உள்ள வீடு எத்தனை, தார்ப்பாய் வந்ததா, ஜெனரேட்டர் கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று பத்தி பத்தியாகப் பிரித்திருந்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்த லாரி ஒன்று நின்றது. இவர் நோட்டைப் புரட்டிவிட்டு, “இங்க இறக்காதீங்க அண்ணா, இவங்களுக்குப் பாய் வந்துடுச்சு. வாய்க்கால் ஓரமாவே உள்ள போங்க, காலனியில இன்னும் யாருமே போகல” என்றார். மண்டபத்து வாசலில் நின்ற கூட்டம் சத்தம் போட்டது. அவர் எழுந்து நின்று, நோட்டில் அவர்கள் ஊர் இருந்த வரியை விரலால் காட்டி, வந்ததை ஒவ்வொன்றாக வாசித்தார். லாரி உள்ளே போனது. அவருக்கு விருது ஏதாவது கிடைத்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்படுவேன், ஆனால் அந்த நோட்டை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. உங்கள் தோழி போட்ட குளியல் பட்டியல் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.

தலைமைப் பண்பு என்று விருது கொடுப்பவர்கள் சொல்வதிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மாணவர் தேர்தலுக்கு விதி வகுத்த லிங்டோ குழு சொன்னபடி தேர்தல் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது, வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும் என்றெல்லாம் விதி போட்டார்கள். நம் பக்கம் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் பேரவைச் சேர்மனும் செயலாளரும் இன்னமும் நிர்வாகம் பார்த்துப் போடுகிறவர்கள்தான். மாணவர்கள் ஓட்டுப் போடாத இடத்தில் ‘சிறந்த மாணவத் தலைவர்’ விருது என்றால், அது ஆசிரியர்களுக்குத் தொந்தரவு தராத பிள்ளைக்கான விருது. விடுதித் தண்ணீர் ஏன் மஞ்சளாக வருகிறது என்று வார்டனிடம் போய்க் கேட்ட பிள்ளை எந்த வருடப் பட்டியலிலும் இருப்பதில்லை. உங்கள் கல்லூரியில் எப்படியோ எனக்குத் தெரியாது, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பா கேட்ட கேள்விக்கு ஒளிவுமறைவு இல்லாமலே சொல்கிறேன். சான்றிதழை மட்டும் நீட்டி வேலை வாங்கியவரை நான் பார்த்ததில்லை. பாடத்திட்டத்தில் இதுபோன்ற பணிகளுக்கான பகுதி ஐந்தில் ஒரு கிரெடிட், அவ்வளவுதான் பட்டப்படிப்பில் இதற்குக் கிடைக்கிற நேரடி மதிப்பு. ஆனால் மளிகைக்காரரிடம் ஐம்பது பேருக்குக் கடன் சொல்லி வாங்கிக் கடைசி நாளில் கணக்கை நேர் செய்ததும், பஞ்சாயத்துத் தலைவரைப் பார்க்க மூன்று முறை அலைந்து நான்காவது முறை காரியத்தை முடித்ததும் நேர்முகத் தேர்வில் சொல்லத் தக்க விஷயங்கள். சொல்லத் தெரிந்தால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். அப்பாவிடம் இப்படியே சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

இனி செய்ய வேண்டியது. உங்கள் திட்ட அலுவலரைப் போய்ப் பாருங்கள். குறை சொல்கிற மாதிரி இல்லாமல், கேம்பில் நடந்தது இது என்று தோழியைப் பற்றி எனக்கு எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அடுத்த வருடம் விருதுக்குப் பெயர் எடுப்பதற்கு முன் முகாம் நடந்த ஊரில் நாலு பேரிடம் கேட்டுவிடலாமே என்றும் சொல்லிப் பாருங்கள். அந்தத் தெருப் பெண்களிடம் கேட்டால் யார் பெயர் வரும் என்று உங்களுக்கே தெரியும். இது நடக்காத காரியமும் இல்லை: மேலே சொன்ன அதே முதலமைச்சர் இளைஞர் விருதில், விண்ணப்பிக்கிறவருக்கு உள்ளூர் மக்களிடம் இருக்கிற செல்வாக்கையும் கணக்கில் எடுப்போம் என்று ஒரு வரி இருக்கிறது. வயது 15 முதல் 35 வரை, ஆண்கள் மூவர், பெண்கள் மூவர், கொடுப்பது சுதந்திர தினத்தன்று. மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நல அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். ஒரு முகாமை மட்டும் வைத்து அதற்குப் போட முடியாதுதான், ஆனால் தோழி இப்படிப்பட்டவர் என்றால் அந்த ஊருக்கு அதற்கப்புறமும் போய்வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்கெல்லாம் முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இவ்வளவு நீளமாக அவருக்காகப் பேசியிருக்கிறீர்கள், இதைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே?

அன்புடன்.