நவம்பர் 9: ஒரே நாளில் நான்கு ஜெர்மன் திருப்பங்கள்

கேள்வி: 1918, 1923, 1938, 1989 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் ஜெர்மனியின் பெருநிகழ்வுகள் நவம்பர் 9 அன்றே நடந்தது தற்செயலா?

பதில்: நான்காவது மட்டுமே தற்செயல் என்பது என் கருத்து. 1918இல் அந்த நாளில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முடிதுறந்ததாக அறிவிக்கப்பட, பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பிலிப் ஷைடமான் குடியரசைப் பிரகடனம் செய்தார். அந்தக் குடியரசை நிறுவியவர்களை ‘நவம்பர் குற்றவாளிகள்’ என்று ஏசிவந்த ஹிட்லர், 1923 நவம்பர் 8 இரவு மியூனிக்கின் பீர் அரங்கொன்றில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியைத் தொடங்கினார்; மறுநாள் ஊர்வலத்தின்மீது காவலர்கள் சுட்டதும் அது சிதறியது.

கேள்வி: 1938இல் யூதர்கள் தாக்கப்பட்டதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. 1923 முயற்சியில் மாண்ட தம் ஆட்களுக்கு நாஜிகள் ஆண்டுதோறும் மியூனிக்கில் நினைவுவிழா எடுத்தார்கள். 1938லும் கட்சித் தலைவர்கள் அங்கே கூடியிருந்தபோதுதான், பாரிஸில் ஒரு யூத இளைஞரால் சுடப்பட்டிருந்த ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி வந்தது. நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் வெறுப்புப் பேச்சைக் கேட்டவர்கள் தத்தம் ஊர்களுக்குத் தொலைபேசியில் உத்தரவுகளை அனுப்பினார்கள். தொழுகைக்கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுக்கப்பட்டன, ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டார்கள். சேதத்துக்கான காப்பீட்டுப் பணத்தையும் அரசு பறித்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்கள்மீதே 100 கோடி மார்க் தண்டம் சுமத்தியது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் மனம் கொதிக்கிறது.

கேள்வி: பெர்லின் சுவர் அந்த நாளில் திறந்தது எப்படி?

பதில்: ஒரு தவறால். கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியின் மக்கள் மேற்கே செல்வதற்கான புதிய பயண விதி நவம்பர் 10 அன்றுதான் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதைச் சரிவர அறியாத ஆளுங்கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி, முந்தைய மாலைச் செய்தியாளர் சந்திப்பில், எப்போதிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று கேட்கப்பட்டதும், கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக என்று சொல்லிவிட்டார். செய்தியைக் கேட்ட மக்கள் எல்லைக்குத் திரண்டார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் இருந்த அதிகாரி, மேலிடத்திலிருந்து தெளிவான கட்டளை வராத நிலையில், இரவு 11.30 மணியளவில் தாமே தடுப்பைத் திறக்கச் செய்தார்.

கேள்வி: பின் அதையே தேசிய நாளாக்கவில்லையே?

பதில்: 1938இன் நினைவு அதற்கு இடம் தரவில்லை, 1990இல் நாடு இணைந்த அக்டோபர் 3 தேசிய நாளாயிற்று. நவம்பர் 9 அன்று பல ஊர்களில் மக்கள், யூதர்கள் கடைசியாக வாழ்ந்த வீடுகளின் முன் நடைபாதையில் பதித்துள்ள பெயர் பொறித்த பித்தளைத் தகடுகளைத் துடைத்து, அருகே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.