பெர்குளோரேட் வலுவான ஆக்சிஜனேற்றி என்றால், நீரில் ஏன் எதனுடனும் வினைபுரியாமல் இருக்கிறது?

கேள்வி இதுதான்: பெர்குளோரேட் அயனியில் (ஒரு குளோரின், சுற்றி நான்கு ஆக்சிஜன்) குளோரினின் ஆக்சிஜனேற்ற எண் +7 என்ற உச்ச நிலையில் இருக்கிறது. ராக்கெட்டில் எரிபொருளுக்கு ஆக்சிஜன் கொடுப்பதும் அதன் உப்புதான். அப்படியிருக்க, ஆய்வகத்தில் அதே உப்பை "எந்த வினையிலும் தலையிடாது" என்று நம்பிக் கரைசல்களில் போடுகிறார்களே, எப்படி?

அணைவுச் சேர்மங்களோடு (நடுவில் உலோகம், சுற்றி அதைப் பிடித்திருக்கும் மூலக்கூறுகள்) பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுமே உண்மை. ஒரு வினை நடந்தால் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பது ஒரு கேள்வி. அந்த வினை தொடங்க எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பது வேறொரு கேள்வி. பெர்குளோரேட்டில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிக அதிகம்.

முதலில் +7 என்ற எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அமிலக் கரைசலில் குளோரைடு (ஆக்சிஜனே இல்லாத குளோரின் அயனி) வரை ஒடுங்கும் மின்னழுத்தத்தைப் பாருங்கள், அது கூடினால் ஆக்சிஜனேற்றும் திறன் கூடுதல் என்று பொருள். பெர்குளோரேட்டுக்கு 1.39 வோல்ட், குளோரேட்டுக்கு 1.45, ஹைப்போகுளோரஸ் அமிலத்துக்கு ஏறக்குறைய 1.48. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சொல்லப்போனால் +7 நிலைதான் அடியில் இருக்கிறது, +1 நிலை மேலே இருக்கிறது. ஆக்சிஜனேற்ற எண் கூடினால் ஆக்சிஜனேற்றும் திறனும் கூடும் என்று மனப்பாடமாகப் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். வினையின் வேகத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் அயனியான ஹைப்போகுளோரைட் துணியின் கறையை நிமிடங்களில் வெளுக்கும். பெர்குளோரேட் கரைசலை அதே துணியில் ஊற்றினால் கறை அப்படியே இருக்கும்.

காரணம் வடிவத்தில் இருக்கிறது. ஹைப்போகுளோரைட்டில் ஓர் ஆக்சிஜன்தான், பிணைப்பின் நீளம் சுமார் 1.69 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). குளோரைட்டில் இரண்டு, வளைந்த வடிவம், 1.57. குளோரேட்டில் மூன்று, கூம்பு வடிவம், 1.49. பெர்குளோரேட்டில் நான்கு, சீரான நான்முகி, 1.44. ஆக்சிஜன் ஒவ்வொன்றாகக் கூடக் கூட எல்லாப் பிணைப்புகளும் குறுகி இறுகுகின்றன. குளோரினின் நேர்மின் தன்மை ஏறிக்கொண்டே போவதால் அது ஆக்சிஜன்களை இன்னும் அழுத்தமாக இழுத்துக்கொள்கிறது. (பழைய பாடநூல்கள் இதற்கு டி ஆர்பிட்டால்களைத் துணைக்கு அழைத்து இரட்டைப் பிணைப்புகளாக வரைந்து காட்டின. அந்த ஆர்பிட்டால்களின் பங்கு மிகச் சிறியது என்று பிறகு வந்த கணக்கீடுகள் காட்டிவிட்டன. தாளில் வரைந்து எண்ணிப் பார்க்க வசதியான படம் அது, அவ்வளவுதான் என்பது என் கருத்து.)

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. குளோரேட்டின் குளோரினில் ஒரு தனித்த எலக்ட்ரான் இணை மிச்சம் இருக்கிறது. கூம்பின் அந்தப் பக்கம் திறந்திருப்பதால் இன்னொரு மூலக்கூறு குளோரினை நெருங்க முடிகிறது. பெர்குளோரேட்டில் அந்த இணையும் நான்காவது ஆக்சிஜனைப் பிடிக்கப் போய்விட்டது. எந்தத் திசையில் வந்தாலும் முன்னால் ஒரு ஆக்சிஜன் நிற்கிறது, குளோரின் நடுவில் மூடிக் கிடக்கிறது.

சரி, குளோரினைத் தொட முடியாவிட்டால் வெளியே இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து இழுக்கலாமே என்று தோன்றும். வழக்கமாக அந்த வேலைக்கு ஹைட்ரஜன் அயனி உதவும். ஆக்சிஜனில் ஒட்டிக்கொண்டு, அது நீராகப் பிரிந்து போக வழி செய்யும். குளோரேட்டின் வினைகள் அமிலத்தில் விரைவது இதனால்தான். பெர்குளோரேட்டில் ஒரே ஒரு எதிர்மின் சுமை நான்கு ஆக்சிஜன்களுக்கும் சமமாகப் பரவிவிடுவதால் எந்த ஒன்றிலும் ஹைட்ரஜனைக் கட்டிவைக்கும் அளவுக்குச் சுமை இல்லை. நீரில் பெர்குளோரிக் அமிலம் முழுவதும் பிரிந்துவிடுகிறது, அது அவ்வளவு வலிமையான அமிலமாக இருப்பதன் பொருளும் இதுவே. உலோக அயனிகளுக்கும் இதே கதிதான். பெர்குளோரேட் மோசமான ஈனி (உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் அயனி அல்லது மூலக்கூறு) என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. குரோமியம் +2 அயனி நல்ல வலுவான ஒடுக்கி. டைட்டேனியம் +3 அதைவிடப் பலவீனமானது. ஆனால் பெர்குளோரேட்டோடு சேர்ந்தால் குரோமியம் ஏதும் செய்யாமல் கிடக்கும், டைட்டேனியம் மெதுவாக என்றாலும் அதை ஒடுக்கும். வெனேடியமும் அப்படியே. ஆக்சிஜனைத் தன்னோடு இறுகப் பிணைத்துக்கொண்டு போகும் பழக்கம் டைட்டேனியத்துக்கும் வெனேடியத்துக்கும் இருக்கிறது. எலக்ட்ரான் கொடுக்கும் ஆவல் மட்டும் இந்த அயனியிடம் பலிக்காது, ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளவும் கை வேண்டும்.

அதனால்தான் கரைசலின் அயனிச் செறிவை நிலையாக வைக்கச் சோடியம் பெர்குளோரேட்டைச் சேர்க்கிறோம். அது எதிலும் தலையிடாது என்பதற்கு ஒரே ஒரு விலக்கை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அமிலத்தன்மையை அளக்கும் பி.எச் மீட்டரின் அளவு காலையிலிருந்து நகர்ந்துகொண்டே இருந்தது. அளவுத்திருத்தம் செய்த பத்தாவது நிமிடம் மறுபடி நகரும். மின்முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, நுனியில் இருக்கும் சிறிய நுண்துளை அடைப்பு பால் வெள்ளையாக இருந்தது. உள்ளே நிரப்பியிருந்தது பொட்டாசியம் குளோரைடு, வெளியே இருந்தது சோடியம் பெர்குளோரேட். பொட்டாசியம் பெர்குளோரேட் நீரில் மிகக் குறைவாகவே கரையும், அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம் அளவுகூட இல்லை. சோடியம் உப்போ அதைப் போல நூறு மடங்கு கரையும். இரண்டும் சந்திக்கும் அந்தத் துளையிலேயே வீழ்படிந்து வழியை அடைத்துவிட்டது. உள்ளே சோடியம் குளோரைடு நிரப்பி, நுனியை வெந்நீரில் ஊறவைத்ததும் அளவு நின்றது. ஆக்சிஜனேற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வெறும் கரைதிறன்.

அப்புறம் ராக்கெட் எப்படி எரிகிறது? சூடு அந்த உயரத்தை ஏற்றிவிடுகிறது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டு பூஸ்டர்களில் இருந்த திண்ம எரிபொருளில் ஏறக்குறைய 70 சதவீதம் அம்மோனியம் பெர்குளோரேட், 16 சதவீதம் அலுமினியத் தூள். இந்த உப்பைச் சூடாக்கும்போது அம்மோனியம் தன் ஹைட்ரஜன் ஒன்றைப் பெர்குளோரேட்டிடம் தள்ளிவிடுகிறது. கரைசலில் நடக்காத அந்த ஒட்டுதல் இங்கே நடந்து, பெர்குளோரிக் அமிலம் ஒரு முழு மூலக்கூறாக உருவாகிறது. அந்த மூலக்கூறில் நான்முகியின் சமத்துவம் போய்விடும். ஹைட்ரஜன் ஒட்டிய பிணைப்பு 1.64 ஆங்ஸ்ட்ராமுக்கு நீள்கிறது, மற்ற மூன்றும் 1.41க்குச் சுருங்குகின்றன. அந்த நீண்ட பிணைப்புதான் பலவீனமான இடம், அது அறுந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

பெர்குளோரேட் எங்கெல்லாம் தனி அயனியாக இல்லாமல் சகப்பிணைப்பில் (எலக்ட்ரான்களைப் பங்கிட்டு இன்னொரு அணுவோடு இணைவது) மாட்டிக்கொள்கிறதோ அங்கெல்லாம் ஆபத்து. நீரற்ற பெர்குளோரிக் அமிலம், குளோரின் ஹெப்டாக்சைடு, மெத்தில் பெர்குளோரேட் மூன்றும் வெடிக்கக்கூடியவை. 72 சதவீத அமிலம் குளிர்ந்த நிலையில் சாதுவாக இருக்கும், சூடான கரிமப் பொருளோடு சேர்ந்தால் கதை வேறு. 1947 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மின்முலாம் தொழிற்கூடத்தில் பெர்குளோரிக் அமிலமும் அசெட்டிக் நீரிலியும் கலந்த தொட்டி வெடித்து 17 பேர் இறந்தார்கள். 1988 மே மாதம் நெவாடாவின் ஹெண்டர்சனில் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலை தீப்பற்றி வெடித்ததில் இருவர் இறந்தார்கள்.

அணைவுச் சேர்மங்களிலும் இந்த ஆபத்து உண்டு, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கரிம ஈனிகள் சூழ்ந்த உலோகத்தின் பெர்குளோரேட் உப்பு என்றால் எரியும் பொருளும் ஆக்சிஜனேற்றியும் ஒரே படிகத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று பொருள். நன்கு காய்ந்த நிக்கல் அணைவு ஒன்றை வடிகட்டிப் புனலின் கண்ணாடித் தட்டிலிருந்து உலோகக் கரண்டியால் சுரண்டினேன். கரண்டி முனையில் ஒரு கடுகளவு பொடி இருந்திருக்கும். சுவிட்சைத் தட்டியது போல ஒரு சத்தம், புனலின் தட்டில் குறுக்கே ஒரு விரிசல். தயவுசெய்து இந்த உப்புகளைச் சுரண்டாதீர்கள், சூடாக்கி உலர்த்தாதீர்கள், சில பத்து மில்லிகிராமுக்கு மேல் செய்யாதீர்கள். டெட்ராஃபுளூரோபோரேட், டிரைஃபிளேட் போன்ற வேறு எதிர்மின் அயனி போதும் என்றால் பெர்குளோரேட் பக்கமே போக வேண்டாம்.

குளிரில் அமைதி, சூட்டில் ஆவேசம் என்ற இதே குணம் செவ்வாய் வரை போகிறது. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணை நீரில் கலக்கிச் சோதித்தபோது, நைட்ரேட்டுக்காக வைத்திருந்த மின்முனை பெரிய அளவில் துள்ளியது. நைட்ரேட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எடுத்த மண்ணின் எடையைவிட அதிகமாக வந்தது. அந்த மின்முனை நைட்ரேட்டைவிடப் பெர்குளோரேட்டுக்குப் பல மடங்கு உணர்வு காட்டும் வகை. மண்ணில் அது அரை சதவீத அளவில் இருந்தது. வறண்ட குளிரில் கெடாமல் கிடக்கும் அந்த உப்பு, கரிமப் பொருளைத் தேடி மண்ணை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் விழித்துக்கொண்டு, தேடும் பொருளையே எரித்துவிடும். 1976இல் வைக்கிங் கலங்களால் செவ்வாயில் கரிமப் பொருளைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு இது காரணமாக இருக்கலாம் என்ற விவாதம் அப்போதுதான் கிளம்பியது.

சூடே இல்லாமல் இந்தப் பூட்டைத் திறக்கிறவர்களும் இருக்கிறார்கள். சில பாக்டீரியாக்கள் பெர்குளோரேட்டைச் சுவாசிக்கின்றன. அவற்றின் நொதியின் நடுவில் இருப்பது மாலிப்டினம், டைட்டேனியத்தைப் போலவே ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளத் தெரிந்த உலோகம். அது பெர்குளோரேட்டைக் குளோரேட்டாகவும் பிறகு குளோரைட்டாகவும் மாற்றுகிறது. அடுத்து வரும் இன்னொரு நொதி குளோரைட்டைக் குளோரைடாகவும் ஆக்சிஜன் மூலக்கூறாகவும் உடைக்கிறது. காற்றே படாத சேற்றில், சாதாரண வெப்பநிலையில், அந்த ஆக்சிஜனை அதே பாக்டீரியா எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது.