வேளாண்மை வெட்டுக் காலத்தில் பிள்ளைக்கு விடாத தும்மல்

கேள்வி: எங்கள் வீடு வெல்லாவெளிப் பக்கம், வயல் ஓரத்தில். மகனுக்கு 8 வயது. வேளாண்மை வெட்டுத் தொடங்கினால் விடிய எழும்பியதும் பத்துப் பதினைந்து தும்மல். மூக்கால் தண்ணீராக ஓடும், கண்ணைக் கசக்கியபடியே இருப்பான். காய்ச்சல் இல்லை. பாமசியில் பிரிட்டோன் வாங்கிக் கொடுக்கிறோம். குறைகிறது, ஆனால் வகுப்பில் தூங்கி விழுகிறானாம். வைத்தியர் ஒருவர் மூக்குக்கு அடிக்கும் ஸ்பிரே எழுதித் தந்தார். அது ஸ்டீரொயிட் என்று கேள்விப்பட்டதால் பயத்தில் திறக்கவே இல்லை. அம்மம்மா தலைக்கு வார்க்க வேண்டாம் என்கிறா. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, அந்த ஸ்பிரேயைத் திறவுங்கள். உங்கள் மகனுக்கு இருக்கும் மருந்துகளில் ஆகச் சிறந்தது அதுதான்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது தடிமன் இல்லை, நம் ஆட்கள் பீனிசம் என்று சொல்லும் மூக்கு ஒவ்வாமை. தடிமன் ஒரு கிழமை, பத்து நாளில் போய்விடும். மூக்கும் கண்ணும் இப்படி அரிக்காது. நெல்லும் புல்லினம்தான், அதன் மகரந்தம் சிலருக்கு ஒத்துவராது. வெட்டும்போது மெசின் கிளப்பும் தூசியிலும் ஈர வைக்கோலிலும் பூஞ்சணத் துகள்கள் நிறைய இருக்கும். மூக்கு இவற்றை எதிரியாக நினைத்து ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகிறது. தும்மலும் அரிப்பும் அதனால் வருபவை. தலையில் வார்த்த தண்ணீருக்கு இதில் பங்கில்லை. வயல் பக்கம் விளையாடிவிட்டு வந்தால் தலைக்கு வார்த்து, உடுப்பை மாற்றிவிடுவதே நல்லது. அம்மம்மாவுக்கு இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பிரிட்டோன் பழைய மருந்து. அது மூளைக்கும் போவதால்தான் பிள்ளை தூங்குகிறான். செற்றிரிசின், லோராற்றடின் போன்றவற்றில் தூக்கம் மிகக் குறைவு. 6 வயதுக்கு மேல் செற்றிரிசின் நாளுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். மகனின் நிறையைப் பார்த்து வைத்தியர் அளவு சொல்வார். பிரிட்டோனையும் இதையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

இனி ஸ்பிரே. ஸ்டீரொயிட் குளிசையை மாதக்கணக்கில் விழுங்குவது வேறு, இது வேறு. புளுட்டிகசோன், மொமெற்றசோன் போன்றவை மூக்குக்குள்ளேயே வேலை செய்கின்றன. இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். நீண்ட நாள் பாவித்தால் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க கிளினிக்கில் உயரத்தை அளந்துகொள்வார்கள், அது போதும். ஆனால் இது அடித்த உடனே கேட்கும் மருந்தல்ல. முழுப் பலன் தெரிய இரண்டு கிழமை ஆகலாம். இரண்டு நாள் அடித்துவிட்டு 'சரிவரவில்லை' என்று அலுமாரியில் வைத்துவிடுபவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். பெரும்போக வெட்டு உங்கள் பக்கம் பெப்ரவரியில் என்றால், ஜனவரி நடுவிலேயே தொடங்கி, வெட்டு முடியும் வரை நாளும் அடியுங்கள்.

அடிக்கும் விதமும் முக்கியம். முதலில் மூக்கைச் சிந்தவேண்டும். தலையைச் சற்றுக் குனிந்து, வலக் கையால் இடத் துவாரத்துக்கும் இடக் கையால் வலத் துவாரத்துக்கும் அடிக்கவேண்டும். முனை காதுப் பக்கம் பார்க்கட்டும். நடுச்சுவரில் அடித்தால் புண்ணாகி இரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

மூக்கடைப்பை உடனே திறக்கும் சைலோமெற்றசோலின் துளிகளை ஐந்து நாளுக்கு மேல் விடவேண்டாம். பிறகு அதனாலேயே மூக்கு அடைக்கும். அதற்குப் பதில் பாமசியில் விற்கும் உப்புநீர்த் துளி நல்லது. வீட்டில் செய்வதானால் கொதித்து ஆறிய தண்ணீரில்தான் செய்யவேண்டும், கிணற்றுத் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது.

வீட்டில் நுளம்புத்திரிப் புகையை நிறுத்தி வலை கட்டுங்கள். வெட்டு முடிந்தும் தும்மல் தொடர்ந்தால் தலையணை, மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சியைச் சந்தேகிக்கவேண்டும். உறைகளைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் துவையுங்கள்.

இரவில் இருமல், ஓடினால் இளைப்பு, நெஞ்சில் விசில் சத்தம் இருந்தால் காத்திருக்கவேண்டாம். பீனிசமும் முட்டும் (ஆஸ்துமா) அடிக்கடி சேர்ந்தே வரும். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் இரவானாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஒரு பக்க மூக்கால் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கலாம், அதையும் காட்டவேண்டும். மற்றபடி களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போகும்போது ஸ்பிரே போத்தலையும் எடுத்துப்போய், மகன் எப்படி அடிக்கிறான் என்று அவர்கள் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள்.