பழைய டிவிடி பிளேயரில் புதிய வீடியோ: வாசகர் கேள்வி பதில்

எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) நடந்த ஹெத்தை ஹப்பா (ஹெத்தையம்மன் திருவிழா) வீடியோவை ஸ்டூடியோக்காரர்கள் லிங்க்காக அனுப்பினார்கள். டவுன்லோட் செய்து பென்டிரைவில் போட்டேன். கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. டிவிடி பிளேயரில் ‘அன்சப்போர்ட்டட்’ என்று வருகிறது. ஃபைல் பெயரின் கடைசியில் ஏவிஐ என்று மாற்றியும் பார்த்துவிட்டேன். வேறு பிளேயர்தான் வாங்க வேண்டுமா?
கோத்தகிரி வாசகர்

வாங்க வேண்டாம். பிளேயரில் பழுது எதுவும் இல்லை. எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் டப்பாவின் பெயர்கள்தான். உப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருப்பது மாறிவிடாது. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதையே பிளேயர் பார்க்கிறது. விஎல்சி பிளேயரில் அந்த வீடியோவைத் திறந்து கண்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்துங்கள். கோடெக், அதாவது சுருக்கிய முறையின் விவரம் வரும். இப்போது ஸ்டூடியோக்கள் தருவது பெரும்பாலும் ஹெச்.264 முறையில், 1920×1080 அளவில் இருக்கும். புது மொபைல்கள் ஹெச்.265 முறையிலும் பதிகின்றன. விலை குறைந்த டிவிடி பிளேயர்களின் சிப்புக்குத் தெரிந்தவை பெரும்பாலும் மூன்றே: விசிடியின் எம்பெக்1, டிவிடியின் எம்பெக்2, மூன்றாவதாக டிவ்எக்ஸ் அல்லது எக்ஸ்விட் என்று சொல்லப்படும் பழைய எம்பெக்4. படத்தின் அளவும் 720×576-ஐத் தாண்டக் கூடாது. இது சிப்பிலேயே அமைந்த வரம்பு. ஃபர்ம்வேர் (பிளேயரை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேறு போர்டுக்கான ஃபர்ம்வேர் ஏறிவிட்டால் பிளேயர் அதன்பிறகு உயிர் பெறாது.

ஆகவே வீடியோவைத்தான் மாற்ற வேண்டும். முதலில் பிளேயரின் முகப்பில் டிவ்எக்ஸ் அல்லது எம்பெக்4 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் எக்ஸ்மீடியா ரீகோட் போன்ற இலவச மென்பொருள் போதும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இந்த வேலைக்கு உதவாது. அதில் ஏவிஐ வசதியை 2009-லேயே எடுத்துவிட்டார்கள். முகப்பில் அந்த அச்சு இல்லாவிட்டால், கீழே பூம்பாறை வாசகருக்குச் சொன்னபடி டிவிடி வீடியோவாக ரைட் செய்யுங்கள்.

கொடுக்க வேண்டிய அமைப்புகள்: டப்பா ஏவிஐ, படம் எக்ஸ்விட், அளவு 720×400, வேகம் நொடிக்கு 25 ஃபிரேம், பிட்ரேட் (நொடிக்குச் செலவாகும் தரவு) 1500 கிலோபிட். ஒலி எம்பி3, 128 கிலோபிட், 48,000 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் 16-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதால்தான் 405-ஐ விட்டு 400 என்கிறோம். வகுபடாத அளவு கொடுத்தால் சில பிளேயர்களில் ஓரத்தில் பச்சைப் பட்டை வரும். எக்ஸ்விட் அமைப்புகளில் க்யூபெல், ஜிஎம்சி என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது அதே ‘அன்சப்போர்ட்டட்’ திரும்ப வரும்.

இந்தக் கணக்கில் இரண்டு மணி நேர வீடியோ ஏறக்குறைய 1.5 ஜிபி ஆகும். பிட்ரேட்டை 4000 வரை ஏற்றலாம்தான். ஆனால் மலிவு பிளேயர்கள் சிலவற்றின் யுஎஸ்பி பழைய, மெதுவான ரகம். ஆட்டம் வேகமாகும் இடங்களில் படம் திக்கும். 1500-லேயே பழைய டிவியில் தெளிவாக இருக்கும்.

முழு வீடியோவையும் ஒரேயடியாக மாற்ற உட்காராதீர்கள். இரண்டு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி, பிளேயரில் போட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் பிளேயர் மறுத்தால், ஃபோர்சிசி என்ற, கோடெக்கின் பெயரைச் சொல்லும் நான்கெழுத்துக் குறியீட்டை எக்ஸ்விட் என்பதிலிருந்து டிஎக்ஸ்50 என்று மாற்றி இன்னொரு முறை பாருங்கள். சில பிளேயர்கள் அந்தக் குறியைப் பார்த்துத்தான் உள்ளே விடும். ஸ்டூடியோ தந்த மூல ஃபைலை அழிக்க வேண்டாம். மாற்றிய ஃபைலிலிருந்து பழைய தெளிவை மீட்க முடியாது.

மொபைலில் எடுத்த கல்யாண வீடியோவை ஏவிஐ ஆக மாற்றினேன். தொடக்கத்தில் சரியாக இருக்கிறது. போகப் போக பேச்சு முந்துகிறது, உதட்டசைவு பிந்துகிறது.
கூடலூர் வாசகர்

மொபைல் கேமரா ஒரே வேகத்தில் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 ஃபிரேம் என்பது 24 ஆகவும் இறங்கும். ஏவிஐ டப்பாவுக்கு மாறும் வேகம் ஒத்துவராது. மாற்றும்போது ஃபிரேம் ரேட் கட்டத்தில் ‘ஒரிஜினல்’ என்று விடாமல் 25 என்று நீங்களே கொடுத்து, ‘கான்ஸ்டன்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒலியிலும் எம்பி3-க்கு ‘கான்ஸ்டன்ட்’ பிட்ரேட்தான். ‘வேரியபிள்’ என்று வைத்தாலும் இதே கோளாறு வரும்.

புதிதாக 64 ஜிபி பென்டிரைவ் வாங்கினேன். பிளேயர் எடுக்கவே இல்லை. பழைய 8 ஜிபி நன்றாக எடுக்கிறது.
குன்னூர் வாசகர்

64 ஜிபி பென்டிரைவ்கள் பொதுவாக எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகித்தான் வருகின்றன. உங்கள் பிளேயருக்குத் தெரிந்தது ஃபேட்32. விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 என்ற தேர்வு பொதுவாக வராது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், முன்பே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிளேயருக்கென்று தனியாக 16 அல்லது 32 ஜிபி ஒன்றை வைத்துக்கொள்வதே நிம்மதி. ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் பட்டியலில் கேள்விக்குறியாக வரும். ஆங்கில எழுத்து எட்டுக்குள் அடக்குங்கள். வெளி ஹார்டு டிஸ்க்கை மாட்டாதீர்கள். இந்த யுஎஸ்பி தருவது அதிகபட்சம் 500 மில்லிஆம்பியர், டிஸ்க் சுழல அது போதாது.

பூம்பாறை தேர்த் திருவிழா வீடியோவை டிவிடியில் ரைட் செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நினைக்கிறேன். கம்ப்யூட்டரில் எடுக்கும் டிஸ்க் வீட்டு பிளேயரில் ‘நோ டிஸ்க்’ என்கிறது. மழை நாட்களில் பழைய டிஸ்க்குகளும் இப்படித்தான்.
பூம்பாறை வாசகர்

இதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன.

ரைட் செய்வதைப் பார்ப்போம். அவரவர் வீட்டில் எந்த பிளேயர் என்று தெரியாத இடத்தில் ஏவிஐ டிஸ்க் கொடுப்பது சரியில்லை. எல்லா பிளேயரும் எடுப்பது டிவிடி வீடியோ ஒன்றுதான். டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைச் சேர்த்து, பால் (இந்திய டிவி முறை), 720×576, 16:9 என்று தேர்ந்தெடுங்கள். 4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் நன்றாக அடங்கும். அதற்கு மேல் திணித்தால் கூட்டம் நகரும் காட்சிகளில் படம் கலங்கும். தேர் வீடியோவில் கூட்டம்தானே எல்லாம், இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிடுங்கள். ஒரு முறை மட்டும் எழுதும் டிவிடி மைனஸ் ஆர் (DVD-R) வாங்குங்கள். திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும், பழைய லென்ஸ் திணறும். ரைட் வேகம் 16 வேண்டாம், 4 அல்லது 8 போதும். முடிவில் ‘ஃபைனலைஸ்’ (எழுதியதை மூடி முடிப்பது) ஆக வேண்டும். ஆகாத டிஸ்க் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவே. மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள், எடை ஒரு பக்கம் சாய்ந்து டிஸ்க் ஆடும்.

மழை நாள் கோளாறுக்குக் காரணம் ஈரம். குளிர்ந்து கிடந்த பிளேயரை அடுப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி ஜன்னல் போலவே லென்ஸிலும் நீர்த்திவலை படியும். டிஸ்க் போடாமல் ஸ்விட்ச் மட்டும் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள், உள்சூட்டில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் எடுக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சாணம் படர்ந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, மேல்மூடியைக் கழற்றி, பஞ்சு முனையில் ஒரு சொட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் வட்டமாக ஒரு முறை துடையுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் அழுத்தினால் போச்சு. பவர் போர்டு பக்கம் விரல் வேண்டாம். பிளக் எடுத்த பிறகும் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும்.

படுகப் பாடல் வீடியோவுக்குத் தமிழ் எழுத்தில் சப்டைட்டில் செய்தேன். பிளேயரில் கட்டம் கட்டமாக வருகிறது.
அருவங்காடு வாசகர்

பிளேயருக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. தனி சப்டைட்டில் ஃபைலாக வைக்காமல், மாற்றும்போதே எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுங்கள். மென்பொருளில் ‘பர்ன் இன்’ அல்லது ‘ஹார்டு சப்’ என்று இருக்கும். சப்டைட்டில் ஃபைலை யுடிஎஃப்8 முறையில் சேமித்து, நிர்மலா யுஐ எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து பெரிதாக, கறுப்பு ஓரத்தோடு இருக்கட்டும். இகர, ஈகாரக் குறிகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அடிக்கடி கரண்ட் போகிறது. வந்த பிறகு பென்டிரைவ் வீடியோ முதலிலிருந்து ஓடுகிறது. ஒரு வீடியோவில் வேகமாக ஓட்டவும் முடியவில்லை.
பண்ணைக்காடு வாசகர்

கரண்ட் போனால் யுஎஸ்பியில் விட்ட இடம் பல பிளேயர்களுக்கு நினைவிருக்காது. ரிமோட்டில் ‘கோ டு’ பொத்தான் இருந்தால் நேரத்தைக் கொடுத்து நேரே போகலாம். இல்லாவிட்டால் வீடியோவை அரை மணி நேரத் துண்டுகளாக வெட்டி 01, 02 என்று பெயரிடுங்கள், விட்ட துண்டிலிருந்து தொடரலாம். வேகமாக ஓடாத ஏவிஐயில் கடைசியில் இருக்க வேண்டிய, எந்தக் காட்சி எங்கே என்று சொல்லும் அட்டவணை இல்லை என்று பொருள். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் டவுன்லோட் பாதியில் நின்றாலும் இப்படி ஆகும். ஃபைல் அளவு தளத்தில் காட்டிய அளவுதானா என்று பாருங்கள். குறைந்திருந்தால் திரும்ப இறக்குங்கள். சரியாக இருந்தால் அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, படம், ஒலி இரண்டையும் ‘காப்பி’ என்றே விட்டு, ஏவிஐ ஆகச் சேமியுங்கள். அட்டவணை புதிதாக எழுதப்பட்டுவிடும், தரமும் குறையாது.