முதுமையை ஆராயப் போகிறேன் என்கிற மகளுக்கு எந்தப் பட்டம்?

மதிப்பிற்குரிய அம்மா,

பிளஸ் டூவில் உயிரியல், கணிதம் இரண்டும் படிக்கும் தங்கள் மகள், மருத்துவம் வேண்டாம், ஆயுளை நீட்டிக்கும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று உறுதியாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாகாவரம் தேடும் கோடீஸ்வரர்களின் காணொளிகளைப் பார்த்து மயங்கிவிட்டாளோ என்ற தங்கள் கவலை புரிகிறது. ஆனால் இத்துறை அந்தக் காணொளிகளில் பிறந்ததன்று. 1993-ல் சிந்தியா கென்யன் என்ற அமெரிக்க உயிரியலாளர், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சி. எலிகன்ஸ் புழுவில் ஒரே ஒரு மரபணு மாறினால் அதன் ஆயுள் இரு மடங்காகிறது என்று காட்டினார். 2009-ல், 600 நாள் வயதான, அதாவது ஏற்கெனவே கிழடாகிவிட்ட எலிகளுக்கு ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்தபோதும் அவற்றின் ஆயுள் கூடியது. புற்றுநோய், மாரடைப்பு, மறதிநோய் ஆகிய அனைத்துக்கும் பொதுவான காரணியாக வயது இருப்பதால், ஒவ்வொரு நோயாகத் துரத்துவதைவிட முதுமையின் இயக்கத்தையே புரிந்துகொள்வது பயன் தரும் என்பதே இத்துறைக்கு முன்னுரிமை கேட்போரின் வாதம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதே வேளையில், முதுமையையே மெதுவாக்கி மனித ஆயுளை நீட்டிப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

2022-ல் 300 கோடி டாலர் முதலீட்டுடன் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற முதுமை ஆய்வு நிறுவனம் தொடங்கியது போன்ற செய்திகளை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம். முதலீட்டாளர் பணம் வந்த வேகத்திலேயே போகவும் கூடும். 'நீடாயுள்' என்று பெயர் சூட்டிய சான்றிதழ் படிப்புகளுக்குக் கட்டணம் கட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இளநிலையில் தேவைப்படுவது அகலமான அடித்தளம். ஐசர் (IISER) எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்புக்கு, அவற்றின் நுழைவுத் தேர்வான ஐ.ஏ.டி. (IAT) எழுதலாம், இடம் கிடைக்காவிட்டால், நல்ல கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியலோ விலங்கியலோ படித்து, ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு வழியாக முதுநிலைக்குச் செல்லலாம். கணிதத்தை மட்டும் கைவிடக் கூடாது, ஏனெனில் இன்றைய முதுமை ஆய்வில் பெரும்பகுதி புள்ளியியலும் கணினியும்தான். அந்த அடித்தளம் இருந்தால் பின்னர் துறை மாறவும் முடியும்: சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகே உயிரியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்கி, 2009-ல் வேதியியல் நோபல் பரிசு வரை சென்றார்.

வருமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை பெற்றால், முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதனுடன் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். ஆயினும் நிலையான பணி அமைய முப்பது வயதைத் தாண்டிவிடும். அதுவரை திருமணப் பேச்சைக் கொண்டு நெருக்காதிருக்க வீட்டார் ஆயத்தமா என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும்.

நீட் தேர்வையும் எழுதட்டும். மருத்துவ இடம் கிடைத்தாலும் அவரது ஆசை வீணாகிவிடாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு 1996 முதலே இருக்கிறது, கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. ஐ.ஏ.டி., நீட் ஆகிய இரு தேர்வுகளின் முடிவும் வந்த பின் மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், மூவரும் அமர்ந்து பேசலாம்.